ரிஜிஸ்டர் ஏன் ஒரே கவுண்டரில் இருந்தது? தாம்பரம் வழியாக ஒரு தரவுப் பாய்வு வரலாறு

தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர் பக்கம் பதினைந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் எம்.சி.ஏ.வோ பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸோ படித்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், பரணில் ஒரு புராஜெக்ட் ரெக்கார்டு கிடக்கும். கெட்டி அட்டை, தங்க எழுத்து. எடுத்துப் புரட்டிப் பாருங்கள். முன்னுரைக்கு அடுத்து ‘எக்ஸிஸ்டிங் சிஸ்டம்’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே நாலு வரி: இப்போதுள்ள முறை கையால் நடக்கிறது, நேரம் வீணாகிறது, தப்பு வருகிறது, தேடுவது கஷ்டம். அடுத்த தலைப்பு ‘புரொபோஸ்டு சிஸ்டம்’. இந்தக் குறையெல்லாம் கம்ப்யூட்டரால் தீரும். அதற்கடுத்த பக்கத்தில் வட்டமும் அம்புக்குறியுமாக ஒரு படம். ‘லெவல் 0’, ‘லெவல் 1’. அதுதான் டேட்டா ஃப்ளோ டயகிராம், தரவுப் பாய்வு வரைபடம். சுருக்கமாக டி.எஃப்.டி.

இந்த ரெக்கார்டுகளில் அதிகம் வந்து போன தலைப்புகளில் ஒன்று ரயில்வே ரிசர்வேஷன். வேடிக்கை என்னவென்றால், சென்னையில் ரிசர்வேஷன் 1987-லேயே கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. 2003-இல் ‘இப்போதுள்ள முறை கையால் நடக்கிறது’ என்று எழுதிய மாணவர், தீபாவளிக்கு ஊருக்குப் போகக் கம்ப்யூட்டர் அச்சடித்த டிக்கெட்டைத்தான் வாங்கியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தலைப்பு அவருக்குப் பரம்பரையாக வந்தது. தலைப்பு வந்து சேர்ந்தது, அதன் கீழே கேட்க வேண்டிய கேள்வி வந்து சேரவில்லை.

அந்தக் கேள்வி என்ன, அது எங்கே பிறந்தது, தாம்பரம் ரயில் டிக்கெட்டிடம் அதைக் கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

படம் பிறந்த கதை

வேலையைப் படமாக வரைவது கம்ப்யூட்டருக்கு முந்திய பழக்கம். 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன்னால் ஃப்ராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் ‘ப்ராசஸ் சார்ட்’ என்ற ஒன்றை வைத்தார்கள். ஒரு பொருள் தொழிற்சாலைக்குள் எங்கே நிற்கிறது, எங்கே நகர்கிறது, எங்கே சோதிக்கப்படுகிறது என்று குறிகளால் காட்டும் படம் அது. 1940-களின் கடைசியில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நாய்மனும் கம்ப்யூட்டர் நிரல்களுக்கு ஃப்ளோசார்ட் வரைந்தார்கள். இது நமக்கெல்லாம் பள்ளியிலேயே பழக்கம்: சாய்சதுரத்தில் ஒரு கேள்வி, ‘ஆம்’ என்றால் இந்தப் பக்கம், ‘இல்லை’ என்றால் அந்தப் பக்கம்.

ஃப்ளோசார்ட் சொல்வது ஒன்றே ஒன்று: அடுத்து என்ன செய்ய வேண்டும்? ஒரு நிரலுக்கு அது போதும். ஒரு அலுவலகத்துக்குப் போதாது. அங்கே பத்துப் பேர் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். ‘அடுத்து’ என்று ஒன்று கிடையாது. கடிதம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகிறது, நடுவில் ஒரு பேரேட்டில் பதிவாகிறது, நாலு நாள் கழித்து வேறொருவர் அந்தப் பேரேட்டைத் திறக்கிறார். இதை வார்த்தையில் எழுதினால் நூறு பக்கம் வரும். 1970-களில் கம்ப்யூட்டர் திட்டங்களுக்கு அப்படித்தான் எழுதினார்கள். அந்த அறிக்கைகளை விக்டோரியா காலத்து நாவல் என்று கிண்டல் செய்வார்கள். முதலிலிருந்து கடைசி வரை படித்தால்தான் கதை புரியும், அதற்குள் யாருக்கும் பொறுமை இருக்காது.

1974-இல் ஐ.பி.எம். சிஸ்டம்ஸ் ஜர்னலில் ஸ்டீவன்ஸ், மையர்ஸ், கான்ஸ்டன்டைன் ஆகிய மூவர் ‘ஸ்ட்ரக்சர்டு டிசைன்’ என்ற கட்டுரையை வெளியிட்டார்கள். நிரல்களை எப்படிப் பிரித்து எழுதுவது என்பதுதான் அதன் பேச்சு. அதன் கூடவே, கட்டளை ஓடும் வழியை விட்டுவிட்டுத் தரவு ஓடும் வழியைக் காட்டும் குமிழ்ப் படம் கவனத்துக்கு வந்தது. லாரி கான்ஸ்டன்டைனுக்கு அந்த யோசனையைத் தந்தது மார்ட்டின், எஸ்ட்ரின் என்ற இருவரின் கணிப்பு மாதிரி. எட்வர்ட் யூர்டன் நியூயார்க்கில் நடத்திய நிறுவனத்தைச் சுற்றி இந்த யோசனை வளர்ந்தது. அங்கிருந்து வந்தவர்களான கிறிஸ் கேன், ட்ரிஷ் சார்சன் இருவரும் 1977-இல் ஒரு புத்தகம் போட்டார்கள். டாம் டிமார்க்கோ 1978-இல் இன்னொன்று போட்டார். நம் ஊர் ரெக்கார்டுகளில் செயலை வட்டமாக வரைந்தவர்கள் டிமார்க்கோ வழி. முனை மழுங்கிய செவ்வகமாக வரைந்தவர்கள் கேன்–சார்சன் வழி. வடிவம்தான் வேறு, விஷயம் ஒன்றே.

குறிகள் மொத்தம் நான்கு.

வெளியாள்: நம் முறைக்கு வெளியே இருப்பவர். பயணி, வங்கி, கணக்குத் தணிக்கையாளர் மாதிரி. சதுரமாக வரைவார்கள்.

செயல்: வருவதை வேறொன்றாக மாற்றும் வேலை. ‘கட்டணம் கணக்கிடு’, ‘இடம் ஒதுக்கு’ என்று வினைச்சொல்லில் பெயர் வைக்க வேண்டும்.

சேமிப்பு: தரவு ஓடாமல் தங்கும் இடம். ரிஜிஸ்டர், ஃபைல், அலமாரி, எதுவானாலும் சரி.

பாய்வு: இவற்றுக்கு நடுவே ஓடும் அம்பு. ஒவ்வொரு அம்புக்கும் பெயர் இருக்க வேண்டும். பெயர் வைக்க முடியாத அம்பு என்றால், அங்கே என்ன போகிறது என்று வரைந்தவருக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

விதிகளும் கொஞ்சம்தான். ஒரு சேமிப்பிலிருந்து இன்னொரு சேமிப்புக்கு நேராக அம்பு போடக் கூடாது. ரிஜிஸ்டர் தானாக நடந்து போகாது, யாரோ ஒருவர் எடுத்து எழுத வேண்டும். உள்ளே மட்டும் அம்பு வந்து வெளியே ஒன்றும் போகாத செயல், கிணற்றில் போட்ட கல். உள்ளே ஒன்றும் வராமல் வெளியே மட்டும் போனால் அது மந்திரவாதி வாயிலிருந்து வரும் லிங்கம். பெரிய செயலை உடைத்து அடுத்த லெவலில் வரையும்போது, மேலே எந்தெந்த அம்பு உள்ளே வெளியே போனதோ, கீழேயும் அதே அம்புகள் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ‘ஆம்/இல்லை’ கிடையாது. எத்தனை மணிக்கு என்பதும் கிடையாது.

ஆனால் டிமார்க்கோ புத்தகத்தின் நிஜமான சரக்கு இந்தக் குறிகள் இல்லை. நான்கு படங்களை வரிசையாக வரையச் சொன்னதுதான். முதலில், இன்று நடப்பதை உள்ளபடி வரை: யார், எந்த மேஜை, எந்த ரிஜிஸ்டர் எல்லாம் வரட்டும். இரண்டாவது, அதிலிருந்து ஆளையும் மேஜையையும் காகிதத்தையும் உரித்துவிட்டு, நடக்க வேண்டிய வேலையை மட்டும் வரை. மூன்றாவது, அந்த வேலையில் நாம் என்ன மாற்றப் போகிறோம் என்று வரை. நான்காவது, அதை எந்த இயந்திரம், எந்த ஆள் செய்யப் போகிறார் என்று வரை.

நம் ரெக்கார்டுகளில் இருந்த ‘எக்ஸிஸ்டிங் சிஸ்டம்’ என்பது அந்த முதல் படத்தின் எலும்புக்கூடு. ‘புரொபோஸ்டு சிஸ்டம்’ நான்காவதன் எலும்புக்கூடு. நடுவில் இருந்த இரண்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டன. உயிர் இருந்தது அந்த இரண்டாவதில்தான்: இங்கே நடப்பதில் எது வேலை, எது காகிதத்தால் வந்த வினை?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தாம்பரத்துக்கு வருவோம்.

எதையும் கேட்காத அட்டை

1931 மே மாதம் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. மீட்டர் கேஜ் பாதை. சைதாப்பேட்டைக்கும் பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களின் ஊராகத் தென்புறநகர் மாறியது அதற்குப் பிறகுதான். அந்த ரயிலுக்குப் பல பத்தாண்டுகள் கொடுத்த டிக்கெட், சின்னக் கெட்டி அட்டை. நடுத்தர வயதுக்காரர்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கவுண்டரில் க்ளார்க் அட்டையை ஒரு இரும்பு மெஷினில் விட்டு ‘டக்’ என்று தேதி குத்திக் கொடுப்பார்.

அந்த அட்டையைக் கண்டுபிடித்தவர் தாமஸ் எட்மன்ட்சன். இங்கிலாந்தில் மரச்சாமான் செய்பவராக இருந்து, 1830-களில் நியூகாசில்–கார்லைல் ரயில்வேயில் ஒரு சின்ன நிலையத்துக்கு மாஸ்டராக வந்தவர். அதுவரை ஒவ்வொரு பயணிக்கும் கையால் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்மன்ட்சன், ஊர் பெயரும் கட்டணமும் முன்பே அச்சடித்து, வரிசை எண் போட்ட அட்டைகளை ஒரு குழாய் மாதிரியான தாங்கியில் அடுக்கி வைத்தார்.

வரிசை எண்தான் இதில் சூட்சுமம். காலையில் கவுண்டர் திறக்கும்போது தாம்பரம்–எழும்பூர் அடுக்கில் முதல் அட்டை 4210, ராத்திரி மூடும்போது 4685 என்று வையுங்கள். விற்றது 475. கட்டணத்தால் பெருக்கினால் பெட்டியில் இருக்க வேண்டிய பணம். யார் வாங்கினார், எந்த ரயிலில் போனார், எதுவும் எழுத வேண்டியதில்லை. டிக்கெட்டே கணக்குப் புத்தகம்.

இதை டி.எஃப்.டி.யாக வரையுங்கள். வெளியாள்: பயணி. அவரிடமிருந்து ‘பணம், போக வேண்டிய ஊர்’ என்று ஒரு அம்பு ‘டிக்கெட் கொடு’ என்ற செயலுக்கு வருகிறது. ‘டிக்கெட்’ என்ற அம்பு திரும்பிப் போகிறது. ‘அட்டை அடுக்கு’ என்ற சேமிப்பிலிருந்து அட்டை வருகிறது. நாள் முடிவில் ‘கணக்கு முடி’ என்ற செயல் அந்த அடுக்கின் எண்ணைப் பார்த்துக் கணக்குப் பிரிவுக்கு ஒரு தொகையை அனுப்புகிறது.

படத்தில் இல்லாத அம்பு ஒன்றைக் கவனியுங்கள். ‘ரயிலில் இடம் இருக்கிறதா?’ என்று எந்தச் செயலும் எந்தச் சேமிப்பையும் கேட்கவில்லை. ரயிலில் நிற்க இடம் இருக்கிறதோ இல்லையோ, டிக்கெட் உண்டு. இது அலட்சியம் இல்லீங்க, அந்த முறையின் பலமே அதுதான். தாம்பரத்தில் இரண்டு கவுண்டர் திறக்கலாம், பத்துத் திறக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி அடுக்கு கொடுத்தால் போதும். ஒரு க்ளார்க் செய்வது இன்னொரு க்ளார்க்குக்குத் தெரிய வேண்டியதே இல்லை. எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில் விற்கலாம். கம்ப்யூட்டர் இல்லாமலே இத்தனை கூட்டத்தைச் சமாளிக்க முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

கேட்டே ஆக வேண்டிய ரிஜிஸ்டர்

இப்போது அதே தாம்பரத்துக்காரர் மதுரைக்கு ராத்திரி ரயிலில் படுத்துக்கொண்டு போக வேண்டும். அகலப் பாதை வருவதற்கு முன் தெற்கே போகும் ரயில்கள் எழும்பூரிலிருந்து, மற்ற திசைகளுக்கான அகலப் பாதை ரயில்கள் சென்ட்ரலிலிருந்து. மின்சார ரயிலேறி எழும்பூருக்குப் போய் வரிசையில் நிற்பார்.

எந்த வரிசையில்? அங்கேதான் சிக்கல். கையெழுத்துக் காலத்தில் ரிசர்வேஷன் கவுண்டர்கள் ரயில்வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு ரயிலுக்கும், ஒவ்வொரு நாளுக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் ரிஜிஸ்டரில் பக்கம் உண்டு. நீங்கள் கேட்ட ரயிலின் ரிஜிஸ்டர் எந்த கவுண்டரில் இருக்கிறதோ அங்கேதான் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் நின்று முன்னால் போனால், ‘இடமில்லை’. சரி, அடுத்த ரயிலில் பார்க்கலாமா? அதற்கு வேறு கவுண்டர், வேறு வரிசை, வால் முனையிலிருந்து.

இதைப் பார்த்து ‘ரயில்வேக்காரனுக்கு மூளை இல்லை’ என்று திட்டியவர்கள் ஏராளம். ஆனால் படம் வரைந்தால் மூளைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். ‘இடம் ஒதுக்கு’ என்ற செயலுக்கும் ‘இடப் பட்டியல்’ என்ற சேமிப்புக்கும் நடுவே இரண்டு அம்புகள்: ஒன்று படிப்பதற்கு, ஒன்று எழுதுவதற்கு. 32-ஆம் படுக்கை காலியா என்று பார்க்க வேண்டும், காலி என்றால் உடனே பெயரை எழுத வேண்டும். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் ஒரே படுக்கைக்கு இரண்டு பேர். அட்டை டிக்கெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அது எதையும் கேட்கவில்லை.

காகிதப் புத்தகம் ஒரு நேரத்தில் ஒரு மேஜையில்தான் இருக்கும். ஒரே சேமிப்பைப் பலர் கேட்க வேண்டும் என்றால், காகித உலகத்தில் மூன்றே வழி.

முதல் வழி, புத்தகத்தை ஒரே இடத்தில் வைத்துவிட்டு ஆட்களை அதை நோக்கி வரச் சொல்வது. அதுதான் ரயிலுக்கு ஒரு கவுண்டர்.

இரண்டாவது வழி, புத்தகத்தைக் கிழித்துப் பங்கு போடுவது. மொத்தப் படுக்கைகளில் இத்தனை புறப்படும் ஊருக்கு, இத்தனை திருச்சிக்கு, இத்தனை இன்னொரு ஊருக்கு. திருச்சி க்ளார்க் தன் பங்கை யாரையும் கேட்காமல் விற்கலாம். இதுதான் கோட்டா.

மூன்றாவது வழி, செய்தி அனுப்பிக் கேட்பது. திரும்பி வரும் பயணத்துக்கு இங்கிருந்தே இடம் வேண்டும் என்றால், அந்த ஊருக்குத் தந்தி போகும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வராமலும் போகலாம். மதுரையில் கல்யாணத்துக்குப் போனவர் போய் இறங்கியதும் முதல் வேலையாக ஸ்டேஷனில் திரும்புவதற்கு ரிசர்வேஷன் போட ஓடியது அதனால்தான்.

மூன்றுமே புத்திசாலித்தனமான தீர்வுகள். ஆனால் மூன்றும் ஒரே ஒரு பிரச்சினைக்கான தீர்வுகள்: காகிதம் ஒரே இடத்தில்தான் இருக்கும். பயணியின் தேவையிலிருந்தோ ரயில்வேயின் நோக்கத்திலிருந்தோ அவை வரவில்லை.

1985-க்குப் பிறகு

ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போன 1978-க்குப் பிறகு அதன் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலை அரசு நிறுவனமான சி.எம்.சி.க்கு வந்தது. அந்த சி.எம்.சி.தான் ரயில்வேக்காக ‘இம்ப்ரெஸ்’ என்ற ரிசர்வேஷன் மென்பொருளை எழுதியது. 1985-இல் டெல்லியில் சோதனையாகத் தொடங்கி 1986-இல் முறையாக நடைமுறைக்கு வந்தது. 1987-இல் சென்னை உள்ளிட்ட மற்ற பெருநகரங்களுக்கும், பிறகு செகந்திராபாத்துக்கும் விரிந்தது. ஆக மொத்தம் ஐந்து மையங்கள். ரயில்வேயின் சொந்தக் கணினி அமைப்பான கிரிஸ் 1986-இல் உருவானது. அது எழுதிய ‘கான்செர்ட்’ என்ற மென்பொருள் 1994-இல் செகந்திராபாத்தில் முதலில் ஓடியது. 1999-இல் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைந்தன. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது.

மக்கள் கண்ணில் பட்ட பெரிய மாற்றம் வேகம் இல்லை. ‘எந்த கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட்’ என்பதுதான். ஒரே ஃபாரம், ஒரே வரிசை. இந்த ரயிலில் இடம் இல்லையா, அதே க்ளார்க் அடுத்த ரயிலைப் பார்த்துச் சொல்வார். எழும்பூர் வரை போக வேண்டிய வேலையும் மெல்ல மெல்லக் குறைந்தது. மேலே சொன்ன மூன்று வழிகளில் முதலாவது காணாமல் போனது. மையங்கள் இணைந்த பிறகு மூன்றாவதும் போனது. தந்தி அடித்துவிட்டுக் காத்திருப்பது இன்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை.

1984-இல் ஸ்டீபன் மெக்மெனமினும் ஜான் பாமரும் எழுதிய ஒரு புத்தகத்தில் டிமார்க்கோவின் இரண்டாவது படத்துக்கு ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. அவர்கள் சொன்னதை நம் பாஷையில் இப்படிச் சொல்லலாம்: எல்லையில்லாத வேகமும் எல்லையில்லாத ஞாபகமும் உள்ள, ஒருநாளும் தப்புச் செய்யாத, செலவே இல்லாத ஒரு இயந்திரம் கிடைத்தால், அப்போதும் எந்த வேலை மிச்சம் இருக்கும்? அதுதான் சாரம். மற்றதெல்லாம் நம் கருவிகளின் குறைக்கு நாம் கட்டிய முட்டு.

ரிசர்வேஷனுக்கு இந்த உரைகல்லை வையுங்கள். யாருக்கு எந்தப் படுக்கை என்று முடிவு செய்வது: மிச்சம் இருக்கும். கட்டணம் வாங்குவது: இருக்கும். ரத்து செய்தால் காத்திருப்பவருக்குக் கொடுப்பது: இருக்கும். ரயிலுக்கு ஒரு கவுண்டர்: இருக்காது. தந்தி: இருக்காது.

கோட்டா?

போகாத ஒன்று

கோட்டா போகவில்லை. இன்றைக்கும் வெயிட்டிங் லிஸ்டில் பெயர் இருந்தால் எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து என்று பார்க்கிறோம். ஜி.என்.டபிள்யூ.எல். என்றால் பொதுப் பட்டியல். பி.கியூ.டபிள்யூ.எல். என்றால் பல சின்ன நிலையங்கள் சேர்ந்த பூல் பட்டியல். ஆர்.எல்.டபிள்யூ.எல். என்றால் வழியில் உள்ள ஊருக்கான தனிப் பட்டியல். ஒரே ரயில், ஒரே நாள், ஒரே வகுப்பு. ஒரு பட்டியலில் இடம் இருக்கும், இன்னொன்றில் வெயிட்டிங் ஓடும். மீதி இடங்கள் காத்திருப்பவர்களுக்குப் போவது பெரும்பாலும் சார்ட் போடும் நேரத்தில்தான்.

காகிதம் போன பிறகும் பங்கு போட்ட கோடுகள் ஏன் இருக்கின்றன? பழைய முறையை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். பாதி சரி. மீதி பாதியைப் பார்க்கவும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எல்லாப் படுக்கைகளும் ஒரே பொதுப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். புக்கிங் திறந்த முதல் நாளே சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போகிறவர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். வழியில் உள்ள ஊரில் ஏறுகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. மறுபக்கம், வழியில் உள்ள குட்டிப் பயணத்துக்கு இஷ்டம்போல் விற்றுவிட்டால், அந்தப் படுக்கை முன்பாதியும் பின்பாதியும் காலியாக ஓடும் அபாயம் உண்டு. ஆக, கோட்டா என்பது தந்திக் கம்பி காலத்துக் கைத்தடி மட்டும் இல்லை, ஊர்களுக்கு நடுவே ஒரு நியாயப் பங்கீடும்கூட. காகிதத்தின் குறையைச் சமாளிக்க வந்த கோடு, நாளடைவில் வேறொரு வேலையையும் தலையில் சுமந்துகொண்டது. காகிதம் போனதும் முதல் காரணம் போய்விட்டது, இரண்டாவது காரணம் அப்படியே நிற்கிறது.

டி.எஃப்.டி.யின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. கோட்டா இருக்கிறது என்று படம் காட்டும். அந்தக் கோட்டை இப்போது அழித்தால் யாருக்கு அடி விழும் என்று காட்டாது. அதற்கு விழுப்புரத்தில் ஏறுகிறவரையும், சார்ட் போடுகிறவரையும், டி.டி.இ.யையும் கேட்க வேண்டும். படம் கேள்வியைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும், பதில் ஆட்களிடம்தான் இருக்கிறது.

கேள்வி உதிர்ந்த இடம்

சரி, இவ்வளவு கூர்மையான கருவி நம் ரெக்கார்டுகளில் ஏன் வெறும் அலங்காரமாகிப் போனது?

ஒரு காரணம், அதை உருவாக்கியவர்களே கொஞ்சம் பின்வாங்கினார்கள். இன்று நடப்பதை அப்படியே வரைகிறேன் என்று உட்கார்ந்த குழுக்கள் மாதக்கணக்கில் வரைந்துகொண்டே இருந்தன. வேலை முடிவதற்குள் திட்டத்துக்கு மூடுவிழா நடந்தது. 1989-இல் யூர்டன் எழுதிய புதிய புத்தகத்தில் அந்த முதல் படத்தை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள் என்றே ஆலோசனை சொன்னார்.

இன்னொரு காரணம் நம் ஊருடையது. 1984 வாக்கில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. தாம்பரத்திலிருந்து தெற்கே ஜி.எஸ்.டி. ரோடு நெடுகக் கல்லூரிகள் முளைத்தன. 1980-களின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. என்ற படிப்புக்கு வித்திட்டவர் பேராசிரியர் வி. ராஜாராமன். அவர் எழுதிய சிஸ்டம் அனாலிசிஸ் பாடநூலில் இந்தப் படங்கள் இந்திய அலுவலக உதாரணங்களோடு தெளிவாகவே இருந்தன. பாடநூலில் குறை இல்லை. ஆயிரக்கணக்கான பேருக்குக் கடைசி செமஸ்டரில் ஆளுக்கொரு புராஜெக்ட் வேண்டும், அத்தனை பேருக்கும் உள்ளே விட்டு ரிஜிஸ்டரைக் காட்ட எந்த அலுவலகமும் தயாராக இல்லை. புராஜெக்ட் சென்டர்கள் வந்தன. விஷுவல் பேசிக்கில் நிரல் முதலில் தயாரானது, பிறகு அதைப் பார்த்து டி.எஃப்.டி. வரையப்பட்டது. வீடு கட்டி முடித்துவிட்டுப் பிளான் போட்ட மாதிரி. நிரலைப் பார்த்து வரைந்த படத்தில் எல்லா அம்பும் சரியாகவே இருக்கும். அதனால் அது யாருக்கும் எதையும் சொல்லாது.

மூன்றாவது காரணமும் தாம்பரத்திலேயே இருக்கிறது. சானடோரியம் ஸ்டேஷனை ஒட்டி 1984-இல் அமைந்த ஏற்றுமதி மண்டலம், நம்மவர்களுக்கு மெப்ஸ், 2003-இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. துணியும் மின்னணுப் பொருளும் போன வழியில் மென்பொருளும் போனது. ஏற்றுமதி மென்பொருளில் வேலை நடக்கும் கவுண்டர் வேறு நாட்டில் இருக்கும். அங்கே போய்ப் பார்க்கிறவர் ஒருவர், இங்கே உட்கார்ந்து எழுதுகிறவர் பலர். இங்கே இருப்பவருக்கு வந்து சேர்வது நான்காவது படம் மட்டும்தான். ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்கும் இடம் கடல் தாண்டிப் போய்விட்டது. 1990-களின் கடைசியில் யு.எம்.எல். என்ற புதிய வரைமுறை வந்ததும் டி.எஃப்.டி. பழைய சிலபஸ் ஆனது.

மறுபடியும் அம்பு

ஆனால் படம் சாகவில்லை. 1999-இல் மைக்ரோசாஃப்டில் மென்பொருளுக்கு வரக்கூடிய ஆபத்துகளை வகைப்படுத்த ‘ஸ்ட்ரைட்’ என்ற முறையை வகுத்தார்கள். அதற்கு அடித்தளமாகப் பயன்பட்டது இதே டி.எஃப்.டி. நான்கு குறிகளோடு நம்பிக்கை எல்லை என்று ஒரு புள்ளிக்கோடு மட்டும் சேர்ந்தது. அந்தக் கோட்டை எந்த அம்பு தாண்டுகிறதோ, திருடன் நுழையும் வாசல் அங்கேதான் என்று தேட ஆரம்பிக்கலாம்.

2023-இல் இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்கள் தரவை எதற்காக வாங்கினார்களோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், தேவை முடிந்தால் அழிக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. இதைக் கடைப்பிடிக்க ஒரு நிறுவனம் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி: அந்தத் தரவு எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, யாரிடம் போகிறது? அப்படியே 1978-இன் கேள்வி.

எட்மன்ட்சன் அட்டையில் பயணியின் பெயர் இல்லை. எந்தச் சேமிப்பிலும் அவர் தங்கவில்லை. ரிசர்வேஷனுக்குப் பெயரும் வயதும் தேவைப்பட்டன, அதற்குக் காரணம் இருந்தது: படுக்கை ஒருவருக்குத்தான். இன்று தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு சட்டை வாங்கினாலும் ‘நம்பர் சொல்லுங்க சார்’ என்கிறார்கள். பில் போடும் செயலுக்கு அந்த நம்பர் தேவையா? படம் வரைந்து பாருங்கள். உள்ளே ஒரு அம்பு வரும், ஒரு சேமிப்பில் போய்த் தங்கும். அங்கிருந்து வெளியே போகும் அம்புக்கு என்ன பெயர் வைப்பது என்று பில் போடுகிற பையனுக்கும் தெரியாது. பெயர் வைக்க முடியாத அம்பு என்றால் என்ன அர்த்தம் என்று மேலேயே பார்த்தோம்.